தாலி ஏறுற வரைக்கும்

— ஏட்டி நந்தனா, நில்லு. ஜிஷாக்க அம்மை போனத ஆருகிட்டயும் சொல்லலைல்லா?

— இல்ல தங்கப்பன் மாமா. வீட்டுல எனக்க அம்மைகிட்டகூட சொல்லல.

— மிடுக்கி. நாளைக்கித் தாலி ஏறுற வரைக்கும் நம்ம ரெண்டு பேருக்குத் தெரிஞ்சாப் போரும். செல்லத்தாய் அது வரைக்கும் ஆசுபத்திரி சவக்கிடங்குலயே கெடக்கட்டும். கழுத்துல தாலி விழுந்த பிறவு நானே எனக்க வாயால ஜிஷாகிட்ட சொல்லுவேன்.

— எனக்குப் பயமாட்டு இருக்கி மாமா. அக்கா என்னையத்தான் கேப்பா. தெனமும் வார்டுல இருந்து வந்து செல்லத்தாய் சித்திக்க காரியம் சொல்லியது நான்தானே.

— அதுக்குத்தான் உன்னைய உள்ள விடியேன். நீ வராட்டா அவளுக்கு சந்தேகம் வந்திரும். மத்தியானத்துல இருந்து நானும் பல்லக் காட்டிக்கிட்டுதான் நடக்கேன் பிள்ளே. போனது எனக்க கூடப்பிறந்தவ. இந்தப் பந்தக்கால்ல தலைய முட்டி அழணும்போல இருக்கி, அழ முடியலியே.

— சிஸ்டரும் சொல்லிருக்காவ, இன்டர்ன்ஷிப் வந்த பிள்ளைய வார்டு காரியத்த வெளிய பேசப்பிடாதுன்னு.

— பாத்தியா, அவியளே சொல்லியாச்சு. போ மக்கா. அவளுக்க கைல மைலாஞ்சிக் கோலம் இடத்தான வந்த, இட்டுட்டு வா.

— நந்தனா, வந்தியா? உன்னையத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன். கதவச் சாத்து. கறிக்காய் வெட்ட வந்தவியளுக்க சத்தத்துல நம்ம பேசியது நமக்கே கேக்காது.

— கைய நீட்டு ஜிஷாக்கா. வலது கை முதல்ல.

— ஏட்டி, எனக்க கைல தண்ணி சொட்டுது பாரு. தலைக்கா ஊத்தின? உனக்கு சைனஸுன்னு உனக்க அம்மை ஏசுவாளே.

— ஒரே வேக்காடு அக்கா. நாகர்கோயில் பஸ்ஸுல நிக்க எடமில்ல.

— செரி. அம்மைக்கு எப்பிடி இருக்கி?

— கொள்ளாம் அக்கா. பிரஷர் நார்மலு. நான்தான் பாத்தேன்.

— கஞ்சி குடிச்சாளா?

— குடிச்சாவ. நேத்தக்காட்டிலும் கூடவே.

— தலை சீவி விட்டியா?

— சீவி விட்டேன்.

— நீ அங்க இருக்கது எனக்கு எவ்வளவு ஆசுவாசம்னு உனக்குத் தெரியாது. பிளஸ் டூ நர்சிங் குரூப் பிள்ளைகள ஆசுபத்திரிக்கு விட்டா அதுக என்னத்தப் படிச்சிரப் போவுதுன்னு நெனச்சேன். எனக்க அம்மைக்குன்னே உன்னைய அந்த வார்டுல போட்டது மாதிரி ஆயிப் போச்சி.

— நான் ஒண்ணும் செய்யல அக்கா. டெம்பரேச்சர் பாப்பேன், ஷீட்டு மாத்துவேன். அவ்வளவுதான்.

— அம்மைக்கு ஒரு வீடியோ கால் போடேன். கையக் காட்டணும்.

— வார்டுல போனுக்கு விட மாட்டாவ.

— நேத்து விட்டாவளே. நீதானே பிடிச்சிக் காட்டின.

— இண்ணைக்கி வேற சிஸ்டரு. கண்டிசனான ஆளு. கைய அசைக்காத அக்கா, கோடு கோணும்.

— செரி, நீ சொன்னாச் செரி. சவம், இந்தக் கை கெடந்து அரிக்கி.

— அந்த வார்த்தைய சொல்லாத அக்கா.

— ஏன்? நம்ம ஊருல கொஞ்சணும்னாலும் அததானே சொல்லுவோம்.

— நாளைக்கிக் கல்யாணம்லா. அதான்.

— ம். எனக்கு முன்ன ஒரு கல்யாணம் நிச்சயிச்சது உனக்கு ஓர்மை இருக்கா? அப்பம் நீ சின்னப் பிள்ளை.

— அம்மை சொல்லிருக்கா.

— பந்தல் போட்ட அண்ணைக்கிதான் அப்பா போனாரு. எல்லாம் நிண்ணு போச்சி. வருசம் திரும்பட்டும்னு சொன்னவிய, வருசம் திரும்பியதுக்குள்ள வேற பெண்ணு எடுத்தாச்சு. ராசியில்லாதவன்னு எனக்குப் பேரும் ஆச்சி. அத நெனச்சி நெனச்சியே அம்மைக்கு நெஞ்சு கெட்டுப் போச்சி. ஆம்புலன்சுல ஏத்தும்போ எனக்க கையப் பிடிச்சி சத்தியம் வாங்கினா. “என்ன வந்தாலும் இந்தக் கல்யாணம் நிக்கப்பிடாது மக்களே, மாப்பிள்ளை அனில்குமாருக்க லீவு முடிஞ்சாப் பிறவு ஆரு வருவா”ன்னு.

— அதெல்லாம் இப்பம் பேசாண்டாம் அக்கா.

— கோடு ஏன் இப்பிடி கோணுது? மயிலுன்னு தொடங்கினியே, இப்பம் வாத்து மாதிரி இருக்கி.

— பசி அக்கா. மத்தியானம் சாப்பிடல.

— வேலை பிடிச்சிருக்கா மக்கா? படிச்சி நர்சாவியா?

— முதல்ல பிடிச்சிது. இப்பம் தெரியல. இண்ணைக்கி வார்டுல... வேற ஒரு அம்மா தவறிட்டாவ. எனக்க கையப் பிடிச்சிக்கிட்டு இருந்தாவ அக்கா. டாக்டர் வந்து சொல்லியதுக்கு முன்னாலயே பிடி அயந்தது எனக்குத் தெரிஞ்சிது. பிறவு சிஸ்டரு துணி தந்து, கால் பெருவிரலு ரெண்டையும் சேத்துக் கட்டச் சொன்னாவ. கட்டினேன். இனி நான் அங்க போவ மாட்டேன்.

— இறுக்கிக் கட்டினியா?

— இல்ல. வலிக்குமோன்னு தோணிச்சி. பைய கட்டினேன்.

— அப்பம் நீ போவணும். இப்பிடி உள்ளவியதான் அங்க வேணும்.

— வலது கை முடிஞ்சிது அக்கா. நான் போவட்டா? மத்தக் கைய வேற ஆராவது இடட்டும்.

— இஞ்ச இரி நந்தனா. அழாத, வாசல்ல மாமா நிக்கியாரு, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாண்டாம். தெனமும் ஆசுபத்திரில இருந்து வந்து கையும் காலும் கழுவிட்டுதான் இந்த வீட்டுக்குள்ள வருவ. இண்ணைக்கி, சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவிய மாதிரி, தலை முழுவிட்டு வந்திருக்க. வாசப்படி ஏறும்போதே பாத்துட்டேன் மக்கா. சத்தியம் பண்ணியாச்சு, நாளைக்கி நான் கழுத்த நீட்டத்தான் செய்வேன். இந்தா, இடது கை. இட்டுக்கிட்டே சொல்லு, அந்த வேற ஒரு அம்மா கடைசில ஆரக் கேட்டா?