பக்கத்து வளவு சும்மா கிடக்கு

“ஹலோ... ஹலோ! பண்டாரவளையா? ஆ... ஜவுபர்! நான்தான்டா, ஸைனுலாப்தீன்... ஓம், ஓம், சாய்ந்தமருதிலிருந்துதான். பக்கீர்ர புடவைக் கடை போன்... கொஞ்சம் தள்ளி நிண்டு இருமு மச்சான், கம்பிவழியா வந்து எனக்கும் ஒட்டிரும்!”

பென்சன் எடுத்த ஸ்டேசன் மாஸ்டர் ஸைனுலாப்தீன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மலைநாட்டு ஸ்டேசன்களில் தன்னோடு குளிரில் நடுங்கிய சிநேகிதனைத் தன் கடற்கரைக்கே குடியேற்றிவிட வேண்டும் என்பதுதான் இப்போது அவருடைய ஒரே உத்தியோகம்.

“இன்னும் என்ன யோசின? கிளம்பி வா... நிரந்தரமாத்தான். பக்கத்து வளவு சும்மா கிடக்கு, ஊடு கட்டலாம்... குளிரா? போர்வை எண்டா என்னெண்டே மறந்து போச்சு. விடியச் சட்டிய அடுப்பில வெச்சாக் காணும், சூடை மீன் ‘மாஸ்டர், நான் வாறன்’ எண்டு தானாப் பாய்ஞ்சு வந்து விழும்... பொய்யா? சரி, பாதி பொய். பாரை மீன் கூப்பிட்டா வராது. அதுக்கு மரியாத கூட.”

“...என்ன, ரேடியோவிலயா? சூறாவளியா?... ஓம், ஓம், சொல்லுவானுகள். ரேடியோக்காரன்ட புயல் கடலுக்குள்ளயே சுத்திச் சுத்திச் செத்துப் போகும்... காத்தா? இரிக்கு, கொஞ்சம். நேத்து கொடியில கிடந்த சாரன் பறந்து மருதமுனைக்கே போய்ட்டு. அங்க நெசவுக்காரன் ‘இது நம்மட தறியில நெய்ததில்லயே’ எண்டு திருப்பி அனுப்பிட்டான்... சிரி, நல்லாச் சிரி!”

பக்கீர் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கியிருந்தார். பட்டப்பகலிலேயே உள்ளே இருட்டிவிட்டது. மிச்சமிருந்த இடைவெளியில் செம்பு நிறத்தில் ஒரு துண்டு வானம். தெருவில் சிலர் ஒரு சிறு தோணியைத் தோளில் சுமந்துகொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே போனார்கள்.

“இஞ்ச பார், தோணியெல்லாம் ஊர் பாக்கக் கிளம்பிட்டு! அப்பிடி ஊர்டா இது... நஸீறாவா? ஊட்டதான், தனியத்தான். போன ரெண்டு தரமும் காத்தடிச்ச உடன ராத்தாட ஊட்ட ஓடிட்டா. கடக்கரையில குடியேறினவன்ட பொஞ்சாதி ஓடுறாளாம் எண்டு ஊரே சிரிச்ச. இண்டைக்குக் காலம சத்தியம் வாங்கிட்டன். ‘நீங்க வந்து கூப்பிடாம வாசப்படி தாண்டமாட்டன், அல்லாவாண’... ஓம், அல்லாவாண எண்டுதான்... ஏன்டா சத்தம் போடுறாய்?”

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு நேரமில்லை.

“பொறு... என்னமோ சொல்றாங்க... கடக்கரைச் சனமெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வரட்டாம்... ஓம்... ஓம், கேட்டன். போகத்தான் போறன்... ஆரு? தண்டயலா? ஜவுபர், வைக்காத. கரைவலைத் தோணி ஓட்டுற தண்டயல் கச்சிமுகம்மது வந்து நிக்கான், தலையெல்லாம் தண்ணி... என்ன தண்டயல்?... ஆர்ர ஊட்டுக் கதவ?... தட்டினயா?... நல்லாத் தட்டினயா?”

அவர் ரிசீவரை மறுபடி காதுக்குக் கொண்டுபோனார்.

“ஜவுபர்... வேலிக்குள்ள தண்ணி வந்துட்டாம். நஸீறா கதவத் திறக்கல்லயாம். நான் அனுப்பினதாச் சொல்லியும் பாத்தானாம். அதுக்கும் திறக்கல்ல... எப்பிடித் திறப்பா? ‘என்ட பேரச் சொல்லிக்கிட்டு வருவானுகள், நம்பிராத’ எண்டும் நான்தான்டா சொல்லி வெச்ச... இல்ல மச்சான், விளாட்டில்ல. உங்கட வாப்பா மார்க்கம் படிச்ச லெப்பைதானே, சொல்லு. இஞ்ச நிண்டு நான் சத்தியத்த விட்டுக் குடுத்தாச் செல்லுமா?... செல்லுமா?... ஓம். ஓம், அல்லாஹ்வுக்குத் தெரியும். அவக்கு எப்பிடித் தெரியும் ஜவுபர்?... ஆரு, எக்ஸ்சேஞ்சா? நேரம் முடிஞ்சிட்டா? வேணாம் தங்கச்சி, இன்னும் நேரம் வேணாம்... ஹலோ... ஜவுபர்?... ஹலோ...”

கம்பியில் ஒன்றுமில்லை. கூரைக்கு மேலே மட்டும், ஒரு பாரமான ரயில் பாலத்தில் ஏறுவதைப் போன்ற சத்தம்.

பிள்ளைகளையும் ஆடுகளையும் சுமந்துகொண்டு சனம் மேற்கே ஓடிவந்த அந்தத் தெருவில், சாரனை மடித்துக் கட்டிய ஒரு மனிதர் மட்டும் கிழக்கே ஓடினார். “நஸீறா, நான்தான்... நானேதான்” என்று, இன்னும் கண்ணுக்கே தெரியாத அந்த வீட்டை நோக்கி இப்போதே கத்திக்கொண்டு ஓடினார்.