மாமனும் மருமகனும் ஓடிய மராத்தான்

கோட்டைச்சாமி: ...நில்லுலே மாப்ள, நில்லு. சூவுக்குள்ள கல்லு கெடக்கு.

முனியராஜ்: மறுபடியுமா மாமா? சிவகாசியில கெளம்பி திருத்தங்கல் தாண்டல, அதுக்குள்ள மூணு கல்லு எடுத்துட்டீக. வீடு எதுவும் கட்டப் போறீகளா?

கோட்டைச்சாமி: கம்பெனியில சும்மா குடுத்த சூவு. சும்மா வாரதுல கல்லும் சேந்துதான் வரும். நீ பாட்டுக்கு முன்னாடி போயிராத. எனக்கு நெஞ்சு கிஞ்சு வலிச்சா யாரு பாப்பா?

முனியராஜ்: நான் எங்க போகப் போறேன்? நிதானமா எடுங்க. உள்ள இன்னொண்ணு கெடக்கான்னு நல்லாத் தடவிப் பாருங்க.

கோட்டைச்சாமி: நீ போலீஸ் செலக்சனுக்கு தெனம் இருட்டோட எந்திரிச்சு ஓடுறவன். என்கூடச் சேந்து இப்படி ஊந்துக்கிட்டு வாரியே, சங்கடமா இல்ல?

முனியராஜ்: பெரியவுகள விட்டுட்டு முன்னாடி ஓடுனா மரியாதையா இருக்குமா?

கோட்டைச்சாமி: அம்புட்டு மரியாதை! என் மச்சான் புள்ள வளத்திருக்காருய்யா.

முனியராஜ்: அங்கன பாருங்க... தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைக நாலு பேரு கதை பேசிக்கிட்டே நம்மளத் தாண்டிப் போறாக.

கோட்டைச்சாமி: போகட்டும். போயி உலை வைக்கணும்ல.

முனியராஜ்: வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு தாத்தாவும் போறாரு.

கோட்டைச்சாமி: அவருக்கு என்ன, வெயிட்டே கெடையாது. காத்து தள்ளிக்கிட்டுப் போகுது. நானும் தொடக்கத்துல நல்லாத்தாம்லே ஓடுனேன்.

முனியராஜ்: எங்க ஓடுனீக? கொடி அசைக்காம அணுகுண்டு போட்டுத் தொடங்கி வச்சாக. வெடிச்சதும் ஊரு பூராம் விருதுநகரப் பாத்து ஓடுச்சு. உங்க கம்பெனி ஆளுக மட்டும் பின்னால திரும்பி சிவகாசியப் பாத்து ஓடுனீக.

கோட்டைச்சாமி: பழக்கதோசம். பட்டாசு கம்பெனிக்காரனுக்கு வெடிச்ச பக்கம் எப்படிலே காலு போகும்? மைக்குல கத்துன பெறவு திரும்பிட்டோம்ல?

முனியராஜ்: அதுலயும் நீங்கதான் முதல்ல ஓடுனது.

கோட்டைச்சாமி: போர்மேன்டா. வழி காட்ட வேண்டாமா?

முனியராஜ்: சரி, கல்லு எடுத்தாச்சா? வாங்க, கொஞ்சம் வேகமாப் போவோம். உங்க மக பாண்டிச்செல்வி ரொம்ப முன்னாடி போயிருச்சு. ஆளே கண்ணுல படல. அத்தைக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சு உப்புத் தடவிரும்.

கோட்டைச்சாமி: என்னை மட்டும் சும்மா விட்டுருவாளா? 'சாயந்தரம் எங்கண்ணன் பூ வைக்க வாராரு. அதுவரைக்கும் புள்ளைய விட்டுக் கண்ண எடுக்காதீக'ன்னு உத்தரவு. நீயும் கூட ஓடுனா கட்டிக்கப் போறவுக ரெண்டு பேரும் பேசிப் பழகுவீகன்னு அவ கணக்கு.

முனியராஜ்: அத்தைக்கு அந்தக் காலண்டர் பிரஸ் பய மேலதான் சந்தேகம்.

கோட்டைச்சாமி: அன்பரசன்தான? அந்தப் பேரச் சொன்னாலே வகுறு எரியுது. அவனும் இந்தக் கூட்டத்துலதான் எங்கனயோ ஓடுதானாம்.

முனியராஜ்: ஐயையோ, அப்ப விடக்கூடாது மாமா!

கோட்டைச்சாமி: விடவே கூடாது! காலை எடுத்து வையி.

முனியராஜ்: நீங்க வைங்க.

கோட்டைச்சாமி: நீ எளவட்டம், நீ முதல்ல வையி.

முனியராஜ்: இந்தா வச்சுட்டேன்... ஆ! ஐயோ! அம்மா!

கோட்டைச்சாமி: என்னலே?

முனியராஜ்: கெண்டைக்கால் பிடிச்சுக்கிடுச்சு மாமா. அசைக்கவே முடியல.

கோட்டைச்சாமி: அடடடா! நல்ல காலம்...

முனியராஜ்: நல்ல காலமா?

கோட்டைச்சாமி: நல்ல காலம், ரோட்டு ஓரத்துல பிடிச்சது. நடு ரோட்டுல பிடிச்சிருந்தா லோடு லாரி ஏறியிருக்கும்ல? உக்காரு. இந்தப் புளியமரத்துல சாஞ்சுக்க. காலை நீட்டு. அவசரமே இல்ல.

முனியராஜ்: பாண்டிச்செல்வி...?

கோட்டைச்சாமி: அவ எங்க போயிரப் போறா? ரோடு ஒண்ணுதான. ...வலது காலுதான பிடிச்சதுன்ன?

முனியராஜ்: ஆமா.

கோட்டைச்சாமி: இடது கால அமுக்கிக்கிட்டு இருக்க.

முனியராஜ்: அது... வலி அங்கிட்டும் இங்கிட்டும் போகுது மாமா.

கோட்டைச்சாமி: போகும் போகும். நரம்பு ஒண்ணுதான... இரு, செல்லு அடிக்குது. போச்சு, உங்கத்தைதான். சத்தம் போடாத. ...ஹலோ, சொல்லு சின்னத்தாயி. ...ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன், மூச்சு வாங்குது கேக்கல? ஹா... ஹா... புள்ளையா? கண்ணு முன்னாடிதான் ஓடுதா. கைய நீட்டுனா சடை ஆப்புடும்! ...முனியராஜா? அவ கூடத்தான் போறான். ரெண்டும் சிரிச்சுப் பேசிக்கிட்டுப் போகுதுக. ...அவன்கிட்டக் குடுக்கவா? அவன் தூரத்துல... சரி சரி, கத்தாத. குடுக்கேன். ஏலே, பிடி.

முனியராஜ்: அத்தை, சொல்லுங்க. ...ஆமாத்தை, பக்கத்துலதான் ஓடுது. ...பேசிக்கிட்டுத்தான் வாரோம். ...என்ன பேசுனோமா? அது... சாம்பாருக்கு எம்புட்டுப் பருப்பு போடணும்னு பேசுனோம். ...அதுகிட்டக் குடுக்கவா? அத்தை... சரியாக் கேக்கல... டவர் இல்ல... ஹலோ... ஹலோ...! வச்சுட்டேன் மாமா.

கோட்டைச்சாமி: பருப்பா?

முனியராஜ்: சட்டுனு வேற வரல. நீங்க மட்டும் 'சடை ஆப்புடும்'னு சொல்லலாமாக்கும்?

கோட்டைச்சாமி: அவ மனசு நோகக் கூடாதுன்னு சொன்னேன். பிரசர் இருக்குல்ல அவளுக்கு. ...ஆனா, நீ ஏன் பொய் சொன்ன?

முனியராஜ்: அதே பிரசருக்குத்தான் மாமா.

கோட்டைச்சாமி: ம்... எந்திரி, நடப்போம்.

முனியராஜ்: மாமா, பின்னால கம்பெனி வேன் வருது. முடியாதவுகள ஏத்திக்கிட்டுப் போற வேன். ஒச்சப்பன் ஓட்டிக்கிட்டு வாரான்.

கோட்டைச்சாமி: பாக்காத மாதிரி நட.

ஒச்சப்பன்: என்ன அண்ணாச்சி, நொண்டிக்கிட்டு வாரீக? உங்க மருமகனும் நொண்டுதான்! ஏறுங்க ரெண்டு பேரும். முன்னாடி ஓடுற உங்க மகளை அஞ்சு நிமிசத்துல பிடிச்சிரலாம்.

கோட்டைச்சாமி: வேண்டாம்ப்பா!

முனியராஜ்: வேண்டாம்ணே!

ஒச்சப்பன்: என்னய்யா, ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி கத்துதீக? உள்ள சீட்டு கெடக்கு.

கோட்டைச்சாமி: எனக்கு வேன்ல ஏறுனா வாந்தி வரும்.

ஒச்சப்பன்: தெனம் இதே வேன்லதான வேலைக்கு வாரீக?

கோட்டைச்சாமி: தெனம் வாந்தி வரும். உனக்கென்ன தெரியும், முன்னால பாத்து ஓட்டுறவனுக்கு?

ஒச்சப்பன்: தம்பி, நீயாவது ஏறு. போலீசாகப் போறவன் காலை உடைச்சுக்கிடாத.

முனியராஜ்: மாமாவுக்கு வாந்தி வாரப்ப எப்படிண்ணே தனியா விட்டுட்டு வர?

ஒச்சப்பன்: ரோட்டுல நடக்கையில எதுக்குய்யா வாந்தி வருது? ...என்னமோ போங்க. குடும்பமே ஒரு தினுசாத்தான் இருக்கு.

கோட்டைச்சாமி: போயிட்டானா?

முனியராஜ்: போயிட்டான். ஏன் மாமா, ஏறியிருந்தா பாண்டிச்செல்வியப் பிடிச்சிருக்கலாமே?

கோட்டைச்சாமி: நீ ஏறியிருக்கலாமே?

முனியராஜ்: ...தண்ணி தாகமா இருக்கு. அந்தா, தண்ணிப் பந்தல் போட்டிருக்காக.

கோட்டைச்சாமி: வா வா. நின்னு நிதானமாக் குடிப்போம். அங்கன உக்காந்திருக்கது யாரு? நம்ம கம்பெனி வெள்ளைத்தாயில்ல?

வெள்ளைத்தாய்: வாங்க அண்ணாச்சி. காலு கொப்பளிச்சுப் போச்சு, உக்காந்துட்டேன். உங்க மக அப்பவே போயிட்டா. என்னா வேகம்! மான் கணக்கா!

கோட்டைச்சாமி: ஓ... போயிட்டாளா. சரி சரி.

வெள்ளைத்தாய்: கூட ஒரு பையனும் ஓடுனான். காலண்டர் பிரஸ்ல இருக்கானே, செவத்த பையன்...

கோட்டைச்சாமி: அது அவ இல்ல.

முனியராஜ்: அது வேற புள்ளக்கா.

வெள்ளைத்தாய்: நம்ம பாண்டிச்செல்விய எனக்குத் தெரியாதா? மஞ்சச் சட்டை, கையில கண்ணாடி வளையல்...

முனியராஜ்: இன்னைக்கு எல்லாருக்கும் மஞ்சச் சட்டைதான்க்கா. நீங்ககூட மஞ்சதான் போட்டிருக்கீக. உங்களையும் பாண்டிச்செல்வின்னு சொல்லவா?

வெள்ளைத்தாய்: என் வயசென்ன, அவ வயசென்ன! 'சித்தி, வாரேன்'னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனா. அந்தப் பையன் முதுகுப் பையில இருந்து மல்லிகைப்பூ வாசம்கூட...

கோட்டைச்சாமி: வெள்ளைத்தாயி! வெயிலு உன் தலைக்கு ஏறிருச்சு. தண்ணியக் குடிச்சுட்டு வேன்ல ஏறு. மாப்ள, வா.

முனியராஜ்: வாங்க மாமா.

வெள்ளைத்தாய்: நல்லதுக்குச் சொன்னா... ஆத்தாடி, என்னா போக்கு போறாக!

கோட்டைச்சாமி: என்னலே, மறுபடி நடையக் கொறைச்சுட்ட?

முனியராஜ்: நீங்கதான் முதல்ல கொறைச்சீக.

கோட்டைச்சாமி: கட்டிக்கப் போற பொண்ணு எவன்கூடவோ ஓடுதான்னு சொல்லுதாக. உனக்கு ரோசமே வரல?

முனியராஜ்: பெத்த அப்பா உங்களுக்கே வரல.

கோட்டைச்சாமி: எனக்கு உள்ளுக்குள்ள கொதிக்குதுலே!

முனியராஜ்: எனக்கும் கொதிக்குது. வெளிய காட்டிக்கிடல... மாமா, மெதுவா, மெதுவா. அந்தா ஆமத்தூர் தெரியுது. சீக்கிரம் வந்துட்டோம் போல.

கோட்டைச்சாமி: ஆமா... இதுக்கு மேல மெதுவாப் போனா பின்னாலதாம்லே போகணும். மணி என்ன?

முனியராஜ்: எட்டு இருபத்தஞ்சு.

கோட்டைச்சாமி: இன்னும் அஞ்சு நிமிசம். எட்டரை தாண்டிட்டா முருகன் காப்பாத்திருவான்.

முனியராஜ்: எட்டரையா? ...எட்டரைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

கோட்டைச்சாமி: நான் எங்க எட்டரைன்னேன்?

முனியராஜ்: இப்பத்தான சொன்னீக. எந்த முருகன் மாமா? ஆமத்தூர் தாண்டி உள்ள தள்ளி இருக்கே, அந்த முருகனா?

கோட்டைச்சாமி: ஏலே... அங்கன கோயில் இருக்கது உனக்கு எப்படித் தெரியும்?

முனியராஜ்: நீங்க சொல்லுங்க.

கோட்டைச்சாமி: நீ சொல்லுலே.

முனியராஜ்: எட்டரை வரைக்கும் முகூர்த்தம்...

கோட்டைச்சாமி: ...அதுக்குள்ள தாலி கட்டிருவாக. அடப்பாவி! உனக்குத் தெரியுமா?

முனியராஜ்: உங்களுக்குத் தெரியுமா!

கோட்டைச்சாமி: எங்கிட்டத்தானடா முதல்ல வந்து அழுதா! 'அப்பா, எனக்கு நீங்க ஒண்ணுஞ் செய்ய வேணாம். அன்னைக்கு முனியராஜ் மச்சானை மட்டும் வேகமா வரவிடாதீக. அவன் ஓடுனா ஒரே எட்டுல பிடிச்சிருவான்'னா.

முனியராஜ்: எங்கிட்ட, 'மச்சான், எங்கப்பாவ மட்டும் முன்னாடி வரவிடாத. அவரு பாத்தா எல்லாம் கெட்டுப்போகும்'னு சொல்லுச்சு.

கோட்டைச்சாமி: எமகாதகி! ரெண்டு மாட்டையும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்டுட்டுப் போயிருக்காளே! அப்ப அந்தக் கெண்டைக்காலு...?

முனியராஜ்: நல்லாத்தான் இருக்கு. உங்க சூவுக்குள்ள கல்லு?

கோட்டைச்சாமி: கல்லாவது மண்ணாவது! ...ஏலே, சிரிக்காத. எனக்கும் சிரிப்பு வருது... வகுறு வலிக்குதுடா...

முனியராஜ்: ஏன் மாமா, இம்புட்டுக்கு வீட்டுல ஒரு வார்த்தை 'முடியாது'ன்னு சொல்லியிருக்கலாம்ல?

கோட்டைச்சாமி: எப்படிச் சொல்ல? வேலவெட்டி இல்லாம நான் கெடந்தப்ப உங்கப்பன்தான் எனக்குச் சோறு போட்டவரு. அவரு மூஞ்சியப் பாத்து பொண்ணு தர மாட்டேன்னு சொல்ல வாய் வரல. அவ மூஞ்சியப் பாத்து அவனை மறந்துருன்னு சொல்லவும் வாய் வரல. சரி, காலையாவது மெதுவா வைப்போம்னு வந்தேன்.

முனியராஜ்: செல்லு அடிக்குது மாமா.

கோட்டைச்சாமி: உங்கத்தையா? எடுக்காத... கட் ஆயிருச்சு. மிஸ்டு காலு. ஏலே, பாண்டிச்செல்வி நம்பர்டா! முடிஞ்சதும் மிஸ்டு கால் குடுக்கேன்னு சொல்லியிருந்தா.

முனியராஜ்: இந்தா... எனக்கும் வருது. கட் ஆயிருச்சு.

கோட்டைச்சாமி: அப்ப தாலி ஏறிருச்சு. எம்புள்ள கழுத்துல தாலி ஏறிருச்சுலே... ஒத்தைப் புள்ள. பெத்தவன் நான் பக்கத்துல நிக்கல.

முனியராஜ்: அழாதீக மாமா.

கோட்டைச்சாமி: அழுதா என்னலே? சந்தோசம் பாதி, சங்கடம் பாதி. வா, இப்பமாவது வேகமாப் போவோம். போயி ஆசீர்வாதம் பண்ணுவோம்.

முனியராஜ்: நீங்க போங்க மாமா. நான் மெதுவா வாரேன்.

கோட்டைச்சாமி: இனிமே எதுக்குலே மெதுவா? ...இரு, இரு. ஒண்ணு கேக்கணும். நீ ஏன் இதுக்குச் சம்மதிச்ச? வேற புள்ள எதுவும் பாத்து வச்சிருக்கியா?

முனியராஜ்: அதெல்லாம் ஒண்ணுமில்ல.

கோட்டைச்சாமி: அப்ப எம்மகளப் பிடிக்கல. அதான? எம்புள்ளைக்கு என்னலே கொறைச்சல்? அழகு இல்லையா, அறிவு இல்லையா? நாங்க பேசி முடிச்ச சம்பந்தத்தை வேண்டாங்கிற அளவுக்கு நீ என்ன பெரிய இவனா?

முனியராஜ்: விடுங்க மாமா. நேரமாகுது, போங்க.

கோட்டைச்சாமி: பேச்ச மாத்தாத. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. பிடிக்கலதான?

முனியராஜ்: பிடிக்காமயா மாமா... இம்புட்டு மெதுவா ஓடுனேன்?