கெட்டில் பிடியில் சிவப்புக் கிளிப்

ஆமாம், காரை எடுத்தது நான்தான். கேட்காமல் எடுக்கவில்லை. கேட்டேன், தரமாட்டேன் என்றார், அதன்பின் எடுத்தேன். இரண்டும் ஒன்றில்லை, நான் சொன்னபடியே எழுதுங்கள். பெயர், வயது, முகவரி மூன்றும் மேலே இருக்கின்றன. தொழில் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே 'இல்லை' என்று போட்டுவிட்டீர்கள். கல்லூரியைப் பாதியில் விட்டவன், அக்கா வீட்டில் தங்கியிருப்பவன் என்பது உண்மை. சும்மா இருப்பவன் என்பது உண்மையில்லை.

புகார் கொடுத்திருப்பவர் என் அக்காவின் கணவர். மாமா என்று கூப்பிடுவேன். அக்கா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறாள். வீட்டில் இப்போது மாமா, நான், பெரியவர். பெரியவர் என்பது பூனை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அக்காவோடு இருப்பதால் அந்தப் பெயர். "எனக்கு ரெண்டு மாமனார். ஒருத்தர் போன்ல திட்டுவாரு, இன்னொருத்தர் சோபாவைப் பிறாண்டுவாரு" என்று வீட்டுக்கு வருபவர்களிடம் எல்லாம் மாமா சொல்வார்.

பெரியவருக்குச் சர்க்கரை நோய். நீங்கள் சிரித்தீர்கள், பரவாயில்லை, முதலில் நானும் சிரித்தவன்தான். காலையில் இரண்டு யூனிட் இன்சுலின், மாலையில் இரண்டு யூனிட். சாப்பாடு உள்ளே போன பிறகுதான் ஊசி. பட்டினி வயிற்றில் போட்டாலும், ஒரே வேளைக்கு இரண்டு தடவை போட்டாலும், சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிரே போய்விடும். அதனால் அக்கா ஒரு ஏற்பாடு செய்தாள். துணி காயப்போடும் சிவப்புக் கிளிப் ஒன்று. ஊசி போடும்வரை அது பாத்திரம் கழுவும் குழாயில் இருக்கும். போட்டவர் உடனே அதைக் கெட்டில் பிடியில் மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் டீ உள்ளே போகாமல் யாருக்கும் பேச்சே வராது, அதனால்தான் கெட்டில்.

இன்று காலை பெரியவர் தட்டை வழித்து நக்கினார். நான் பின்கழுத்துத் தோலைத் தூக்கி ஊசி போட்டேன், கிளிப்பைக் கெட்டிலில் மாட்டினேன், குளிக்கப் போனேன். அதன்பின் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு விடுமுறை. அதன்பின் நான் பெரியவர் மலஜலம் கழிக்கும் மண்தட்டைக் கழுவி, துணி துவைத்து, மொட்டைமாடியில் காயப்போட்டு, கடைக்குப் போய்விட்டு வந்தேன்.

வந்தபோது பெரியவர் கூடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டேன், காது திரும்பவில்லை. நடக்கப் பார்த்தார், பின்னங்கால்கள் இரண்டும் விலகி வழுக்கின. காதுமடலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சர்க்கரை பார்க்கும் மீட்டரில் வைத்தேன். எண்ணே வரவில்லை. 'லோ' என்று வந்தது, அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

"பேட்டரி போயிருக்கும்டா. தூங்கி எழுந்த மப்புல நிக்கிறாரு, விடு" என்றார் மாமா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் தேனை விரலில் தொட்டு ஈறில் தேய்த்தேன். வாயில் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தேய்க்கும்போதே பெரியவருக்கு வலிப்பு வந்து, தாடை இறுகி, பல் என் விரலில் இறங்கியது. புகாரில் கைகலப்பு என்று இருக்கிறதே, அதற்குச் சாட்சியாக நீங்கள் குறித்துக்கொண்ட காயம் இதுதான். பூனைப் பல்.

அதன்பின், "மாமா, நீங்க ஊசி போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"போட்டேன். நீ எங்க போட்டிருக்கப் போறே?"

"கிளிப் கெட்டில்ல இருந்துச்சே!"

"கிளிப்பை மாட்டுறதுக்கு என்ன? காலேஜ்லயே அடுத்தவனை விட்டு வருகை சொல்ல வெச்ச ஆளு நீ. பூனைக்கும் ப்ராக்ஸி போட்டிருப்பே."

கல்லூரிக் கதை சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வகுப்பில் நான் இல்லாததால் யாருக்கும் வலிப்பு வரவில்லை. அப்போது அந்தச் சிவப்புக் கிளிப் மேசைமேல் மாமாவின் பிஸ்கட் பாக்கெட்டைக் கவ்விக்கொண்டிருந்தது.

அதன்பின் கார் சாவி கேட்டேன். "சீட்டெல்லாம் முடி ஆயிடும், டாக்ஸி பிடிச்சுக்கோ" என்று சொல்லி, சாவி மாட்டும் ஆணியை மறைத்து நின்றார். நான் தள்ளினேன். அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன், கொஞ்சம் சந்தோஷமாகவே சொல்லியிருப்பேன். பெரியவரைத் துண்டில் சுற்றி முன்சீட்டில் வைத்து வண்டியை எடுத்தேன். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. கேட் தூணில் பம்பர் உரசியது என் தவறு. பம்பருக்கு மன்னிப்புக் கேட்கிறேன். பம்பருக்கு மட்டும்.

கால்நடை டாக்டரம்மா நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். பெரியவர் தலையைத் தூக்கி, சாப்பாடு கேட்டுக் கத்தினார். எத்தனை ஊசி போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் ஒன்று, மாமா ஒன்று என்றேன். உறுதி செய்ய மாமாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"நான் அந்த ஊசியைத் தொட்டதே இல்லை டாக்டர். அவன் பயத்துல எதையோ உளர்றான்."

போட்டேன் என்று என்னிடம் சொல்லி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. அதன்பின் டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது, விடுங்கள். அவர் சொன்னதை எழுதுங்கள். "ஒரு ஊசிக்கே இப்படி விழுந்தாருன்னா, இன்சுலினை நிறுத்திட்டுத்தான் பாக்கணும். இப்ப தெளிஞ்சுட்டாரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

நான் போகவில்லை. இரண்டு பங்கு மருந்து உள்ளே இருக்கிறது, குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கும் என்று கத்தினேன். பெரியவரை வைத்திருந்த கூண்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பெரியவரின் கழுத்து மறுபடி தொய்ந்தது. டாக்டர் ஓடி வந்து மறுபடி ஏற்றினார். அதன்பின் அவர் குரல் மாறியது. "ஒண்ணா ரெண்டாங்கிறதுதான் இப்ப கேள்வி. ரெண்டுன்னா, இது தெளிஞ்சதும் பழைய அளவையே தொடரலாம். ஒண்ணுன்னா நிறுத்தணும். உங்க மாமாவை உண்மையைச் சொல்லச் சொல்லுங்க, கிளினிக் மூடறதுக்குள்ள."

முன்பு ஒருமுறை மருந்து தீர்ந்து சில நாள் விட்டுப்போனது. பெரியவர் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல், முதுகெலும்பு தெரிய இளைத்துக் கிடந்தார். ஒரு பொய்க்காக அவர் மறுபடி அப்படிக் கிடக்கப் போகிறார். டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் உங்கள் ஆட்கள் கார் திருட்டு என்று வந்து என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள்.

"குடும்ப விஷயம் தம்பி. ஒரு சாரி சொல்லிட்டுப் போயேன்" என்றீர்கள். சொல்லமாட்டேன் என்றேன். அதன்பின் நீங்கள் வெளி பெஞ்சில் இருந்த மாமாவை உள்ளே கூப்பிட்டீர்கள். இதையும் எழுதச் சொல்கிறேன், இப்போதுதான் நடந்தது, நீங்களே சாட்சி.

"காலைல கிளிப் எங்க சார் இருந்துச்சு?" என்று கேட்டீர்கள்.

"கெட்டில்லதான். ஆனா இவன் மாட்டினதை நம்ப முடியுமா சார்? அதான் நானே..." என்றவர் அத்தோடு நிறுத்திவிட்டார்.

"நானே?" என்றீர்கள்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த 'நானே'யை விட்டுவிடாமல் எழுதுங்கள். முடிக்காத வாக்கியமாக இருந்தாலும் பரவாயில்லை, மிச்சத்தை டாக்டரிடம் முடிக்கட்டும்.

வாசித்துக் காட்டினீர்கள், கேட்டேன். நான் சொன்னதில் சேர்த்ததும் இல்லை, மறைத்ததும் இல்லை, யாரும் மிரட்டி வாங்கியதும் இல்லை. எங்கே கையெழுத்து? இங்கேயா? சாவி உங்கள் மேசையில் இருக்கிறது, மாமாவிடமே கொடுங்கள், கிளினிக்குக்குக் காரை அவரே ஓட்டட்டும். தொழில் என்ற இடத்தை அப்புறம் திருத்திக்கொள்ளலாம். கிளினிக் மூடப் போகிறது. எழுந்திருங்க மாமா. நான் போக வேண்டும்.