கரி இருக்குதா?

விளக்கை அணைத்துவிடுங்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்… ம், போதும்.

நள்ளிரவு தாண்டிவிட்டது. அனந்தபுரத்துக்கு மேற்கே ஒரு மொட்டைப் பாறை மலை. வண்டித்தடம் அடிவாரத்தோடு சரி, மேலே முள்ளும் பாறையும்தான். ஏறிக்கொண்டிருந்தவன் கோகுலகிருஷ்ணன். நம் கூட்டாளி பச்சைமுத்துவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். கூடவே அவன் மச்சினன் சின்னதுரை.

விடிய விடிய மலை ஓட்டம். இரண்டிரண்டு பேராக ஓட வேண்டும். சாப்பாட்டைத் தாங்களே சுமந்துபோய், உச்சியில் சமைத்துத் தின்றுவிட்டு மறுபக்கம் இறங்க வேண்டும். சுமை குறைந்தவன் முந்துவான். கோகுலுக்கு அதுவே பைத்தியமாகிவிட்டது. பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட உடைத்துப் போட்டவன்! அவல், வெல்லம், பொடித்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மெல்லிசாகக் கீறிக் காயவைத்த ஆட்டுக்கறி உப்புக்கண்டம். தண்ணீர் கொதித்தால் போதும், வெந்துவிடும்.

எல்லாம் கட்டிக் கொடுத்தவள் அவன் பெண்டாட்டி ஆர்த்தி. ஒவ்வொரு கறிப் பொட்டலத்தின் மேலேயும் ஒரு கரித்துண்டு செருகி வைத்திருந்தாள். ராத்திரியில் கறி எடுத்துப்போனால் கரி வைக்காமல் யார் அனுப்புகிறார்கள்? வாசத்துக்குப் பேய் ஏதாவது பின்னாலேயே வந்துவிடும் என்று பயம்.

கோகுல் கரியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டான்.

"மாமா… அக்கா வச்சது மாமா."

"கரியத் தூக்கிக்கினு மலையேற நாம இன்னா இஸ்திரி வண்டியாடா?"

ஓட்டம் தொடங்கும் நேரத்தில் ஆர்த்தி போனில் கூப்பிட்டாள்.

"ஏங்க, கரி இருக்குதா?"

"இருக்குது."

அவள் கேட்டது அடுப்புக் கரி. அவன் மனதில் வைத்துச் சொன்னது ஆட்டுக்கறி. நம் பேச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தானே கேட்கும்! பொய் சொல்லாமல் தப்பித்தோம் என்று அவனுக்கு ஒரே பெருமை.

"தம்பிய முழுசா கூட்டிக்கினு வந்துடுங்க. எனக்குன்னு இருக்கறவன் அவன் ஒருத்தன்தான்" என்றாள். "கூட நான் இருக்கறேன் இல்ல, வுடு" என்று போனை வைத்தான்.

உச்சிக்கு முதலில் வந்தது இவர்கள்தான். மற்றவர்களின் விளக்குகள் எங்கோ கீழே. காற்று… சட்டென்று நின்றுபோயிருந்தது. சின்னதுரை சுனைத் தண்ணீர் எடுக்கப் பாறைக்குப் பின்னால் போனான். கோகுல் சின்ன கேஸ் அடுப்பைத் திருகினான். புஸ்ஸ்… இன்னும் பற்றவைக்கவில்லை.

வறுத்த கறி வாசம் வந்தது.

அதற்கடியில் இன்னொரு வாசம். மயிர் பொசுங்கும் வாசம்.

"டேய், அதுக்குள்ள பிரிச்சிட்டியா?"

பாறைக்குப் பின்னாலிருந்து… கறுக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி… கறுக்.

கோகுல் போய் நெற்றி விளக்கைத் திருப்பினான். சின்னதுரையின் சட்டை. முதுகைக் காட்டிக் குந்தியிருந்தது. உடம்பு அசையவில்லை, கழுத்து மட்டும் திரும்பியது. உதடே இல்லை… பல், பல், பல்.

பாய்ந்தது. விளக்கு தெறித்து உடைந்தது. இருட்டில் அவன் இடது தோளில் பல் இறங்கியது. சதை பிய்ந்து வருவது அவனுக்கே கேட்டது. உயிர் போகிற வலி. கையில் அகப்பட்ட கல்லை எடுத்து அடித்தான். தாடை நொறுங்கியது. சூடான ரத்தம் அவன் வாயெல்லாம் கொட்டியது.

"மாமா… நான்தான் மாமா…"

அவன் நம்பவில்லை. பேய்க்குக் குரல் மாற்றத் தெரியாதா? மறுபடி அடித்தான். "மாமா" என்றது. மறுபடியும் அடித்தான். அந்தச் சொல் நிற்கும்வரை அடித்தான்.

பின்னால் ஓடிவந்த நான்கு பேர் சேர்ந்துதான் அவனைப் பிய்த்தெடுத்தார்கள். அவர்கள் விளக்கில் பார்த்தான். அடியில் கிடந்தது சின்னதுரை. சுனைத் தண்ணீர்ப் பாத்திரம் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் சின்னதுரையின் உயிரைப் பிடித்து வைத்தார்கள். ஆர்த்தி அழவில்லை, புருஷன் முகத்தைப் பார்க்கவுமில்லை. நர்ஸ் வந்து, சின்னதுரையின் இடது தோளில் ஒரு கைப்பிடிச் சதை இல்லை என்றாள்.

"நாய், நரி எதுவும் இல்லம்மா. மனுசப் பல்லு."

கோகுல் தன் சட்டையைக் கழற்றித் தோளைப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

நர்ஸ் சின்னதுரையின் சட்டைப் பையிலிருந்ததை ஆர்த்தி கையில் கொடுத்தாள். ஒரு கரித்துண்டு. அக்கா வைத்தது ஆயிற்றே என்று, மாமனுக்குத் தெரியாமல் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறான்.

கோகுலிடம்தான் கரி இல்லை.

அவர்கள் ஓட்டத்துக்குக் கொண்டுபோன பைகளை ஆர்த்தி கவிழ்த்தாள். உப்புக்கண்டப் பொட்டலங்கள் விழுந்தன. அவள் போட்ட முடிச்சு ஒன்றும் அவிழவில்லை.

"ராத்திரியெல்லாம் ஒண்ணும் துன்னலயா நீங்க?"

கோகுலுக்கு வயிறு கனமாக, நிறைந்து இருந்தது. கடைவாய்ப் பல்லிடுக்கில் ஒரு நார் சிக்கியிருந்தது… நாக்கால் நெம்பினான். வந்துவிட்டது.

துப்ப மனம் வரவில்லை அவனுக்கு.