மணிக்குக் கட்டிய வேப்பஞ்சேலை

ஐம்பதுகளில் ஓர் ஆடி மாதம். பெரியபாளையத்திலிருந்து திருவள்ளூர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். அம்மன் கோயிலில் வேப்பிலைக் கொத்துகளையே சேலையாகக் கட்டி நேர்த்திக்கடன் முடித்து வந்த மூத்தவளின் ஈரத் தலையில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது.

"நாய்க்கு வேண்டிக்கினு வேப்பஞ்சேல கட்னவ நீ ஒருத்திதான்க்கா," என்றாள் இளையவள்.

"மணின்னு சொல்லுடி."

"சரி, மணி. அப்போ பொழச்சிக்கிச்சா? மாட்டு டாக்டரு ஊசி போட்டு முடிச்சிடலாம்னாராமே."

"ஆமா. உங்க மாமாவும் சரின்னுட்டாரு. எனக்குத்தான் மனசு வரல. ஊசி போடறதுக்குள்ள அதுவா போயிடணும்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கினேன்."

இளையவள் அந்த வேப்பிலையை எடுத்துவிட்டாள்.

"மறுநாள் காலையில என் மடியில தலைய வெச்சிக்கினு படுத்துச்சு. அப்டியே போயிடுச்சு."

மூத்தவள் ஈரக் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள்.

"கேட்டத ஆத்தா குடுத்துட்டா. பொழைக்கணும்னே கேட்டிருக்கலாம்."