கமராவுக்குக் கண் தெரியாத நாள்

"இண்டைக்குக் கமராவுக்குக் கண் தெரியேல்லை," என்றார் மூத்தவர். வெரிபீக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே, போத்தல் தொழிற்சாலையின் மஞ்சள் மேலாடையோடு இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தார்கள்.

"போத்தலில வெடிப்புப் பார்க்கிற புதுக் கமராவோ, அக்கா?"

"ஓம். காலமை முழுக்க நல்ல போத்தல்களைக் கழிச்சுத் தள்ளினது. லென்ஸில தூசாம். துடைச்சுப்போட்டுப் பேசாமல் விட்டிட்டினம்."

"நீங்கள் ஒரு வெடிச்ச போத்தலைத் தவறவிட்டதுக்கு?"

"வார்னிங். இன்னொண்டு வந்தால் வேலை இல்லை. போத்தல் பார்க்கிற லைனிலயிருந்தும் என்னை எடுத்திட்டினம். நாளையிலயிருந்து அந்த லென்ஸைத் துடைக்கிறதுதான் என்ர வேலை."

இளையவர் சிரித்தார். "துடைக்காமல் விடுங்கோவன். அது பேச்சு வாங்கட்டும்."

"அது ஏன் வாங்கப்போகுது? இனி அது விடுற பிழைக்கும் எனக்குத்தான் வார்னிங்."