அடிபம்பில் கட்டிய கம்பி

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மீனவர் சங்கத் தலைவர், அலையின் அகம் அறிந்த அண்ணன் வெள்ளத்துரை அவர்களே, திருவொற்றியூர்க் குப்பத்துப் பெரியோர்களே, கூடை சுமந்து குடி காத்த தாய்மார்களே, வணக்கம்.

புயலன்று செல்போன்கள் செத்துக் கிடந்தபோது, என் வீட்டு ஹாம் ரேடியோவில் சேதி கேட்டு, காட்டுப்பள்ளியில் கரை சேர்ந்த பதினோரு படகுகளின் பெயரை உங்களுக்கு வாசித்தேன். அதற்காக ‘வான்குரல் வேந்தர்’ என்று பட்டம் தந்து பொன்னாடையும் போர்த்திவிட்டீர்கள். கைதட்டாதீர்கள் ஐயா, கொஞ்சம் பொறுங்கள். வானோடு பேசியவன் மண்ணை மதித்தேனா? மலைதாண்டி வந்த குரலைக் கேட்டவன் மனிதர் சொன்னதைக் கேட்டேனா?

மாடியில் நாற்பதடிக் குழாய் நட்டு ஏரியல் கட்டிய அன்று, நம் எலக்ட்ரீஷியன் மண்ணாங்கட்டி சொன்னார்: “சார், எர்த்துக்குத் தனியா பள்ளம் நோண்டி எட்டடி ராடு எறக்கணும். வூட்டு எர்த்தையும் அதோட சேக்கணும். அடிபம்புல கட்டாத சார், பொம்பளைங்க கை வைக்கிற எடம். இடி வுழுந்தா அந்தக் கையிலதான் எறங்கும்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எர்த்தாவது மண்ணாங்கட்டியாவது” என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். தெருவுக்கே பொதுவான அடிபம்பில்தான் ஏரியலின் எர்த் கம்பியைக் கட்டினேன்.

ஐப்பசி மாதம். மேகம் கறுத்தது. மழை பிடிக்குமுன் ஒரு குடம் என்று பக்கத்து வீட்டு மங்கை பம்பு அடித்துக்கொண்டிருந்தார். ஏரியலில் விழுந்த இடி கம்பி வழியே வந்தது. அவர் சுருண்டு விழுந்தார்.

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான்தான். எனக்கு முன் பேசியவர் அதையும் புகழ்ந்தார். ஆனால் ஆட்டோ வருமுன் நான் செய்தது என்ன? தலையைத் தாங்கினேனா? தண்ணீர் தெளித்தேனா? கம்பியை அவிழ்த்தேன். அவிழ்த்துச் சுருட்டி ஒளித்தேன். “இடிக்கு யார் என்ன செய்ய முடியும்” என்று ஊரோடு சேர்ந்து நானும் சொன்னேன். மீன் அரிந்த அந்த வலக்கை இரண்டு வருடமாக எழவில்லை. வெட்கப்படுகிறேன் தாய்மார்களே, வெட்கப்படுகிறேன்.

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், விஷயம் தெரிந்த மண்ணாங்கட்டி ஏன் வாய் திறக்கவில்லை என்று. திறந்தாரே ஐயா, ஒரு முறை. நாம்தான் சிரித்தோமே.

சங்கக் கட்டடத்தில் எனக்காகப் புது ஏரியல் நிறுத்தப் போகிறீர்களாம். மண்ணாங்கட்டி பள்ளம் தோண்டி, ராடு இறக்கி, சரி என்று சொல்லும்வரை ஒரு குழாயும் மேலே ஏறக் கூடாது. பொன்னாடையை இதோ மேசையில் வைக்கிறேன்.

மங்கை, முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களிடம் மன்னிப்பு... என்னம்மா? மைக் அங்கே எட்டாது, அவர் சொல்வதை நானே சொல்கிறேன். “தெரியும் அண்ணாத்தே. நான் கண்ண மூடல. நீ கம்பி அவுத்துகினு இருந்தத பாத்துகினுதான் கெடந்தேன். நீயா வாய தொறப்பியான்னு இத்தினி நாளா பாத்துகினு கீறேன்” என்கிறார்.

இரு கை கூப்பி விடைபெறுவது மேடை மரபு. எனக்கு இரண்டு கையும் எழுகின்றன. அதற்கே கூசுகிறேன். பொறுத்துக் கேட்டதற்கு நன்றி, வணக்கம்.